கையொப்பமும் சான்றும்: எல்விஸ் பிறெஸ்லியின் தொழில்சார் ஆவணங்கள் பற்றிய ஒரு நோக்கு

புகழ்பெற்ற பாடகர்களின் கையொப்பங்களைத் திரட்டுதல் இருபதாம் நூற்றாண்டில் மேனாடுகளிற் பெருவழக்குப் பெற்ற ஒரு பொழுதுபோக்காகும். அரங்கின் பின்வாயிலிற் காத்து நின்று பெற்ற புகைப்படம், இசைத்தட்டின் உறை, நிகழ்ச்சிநிரல் ஆகியவற்றில் இடப்பட்ட கையொப்பங்களே இத்தகைய திரட்டுகளிற் பெரும்பாலும் காணப்படுவன. இரசிகர் பாடகர்மீது கொண்ட பற்றினை இவை காட்டும். பாடகரின் வாழ்வு பற்றி அதிகம் கூறமாட்டா. இவற்றினின்றும் வேறான மற்றொரு வகையும் உண்டு. ஒப்பந்தம், காசோலை, பற்றுச்சீட்டு, இறுதி விருப்பாவணம் என்றாற்போல, ஒரு செயலை நிறைவேற்றும் பொருட்டுக் கையொப்பமிடப்பட்ட ஆவணங்களே அவை. முன்னைய வகையிற் கையொப்பம் ஒரு நினைவுப்பொருள். பின்னைய வகையில் அது ஒரு சம்மதம். யார், எதற்கு, எந்நாளில், எத்தகுதியிற் சம்மதித்தார் என்பதை அது பதிந்து வைக்கிறது.

இரண்டாம் வகை ஆவணங்களைத் திரட்டுவோர் எவற்றைக் கவனித்தல் வேண்டும், அவை எவ்வாறு வரலாற்றுச் சான்றாகின்றன, எந்நிலையில் அச்சான்றுத் தன்மையை இழக்கின்றன என்பனவற்றை அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிறெஸ்லியின் (1935-1977) தொழில்வாழ்வினை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவரை நாம் தெரிந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவதாக, அவரது முதல் இசைத்தட்டு வெளிவந்த மாதந்தொட்டு இறந்த ஆண்டு வரையான ஆவணங்கள் பல இன்றும் உள. இரண்டாவதாக, அவரது மறைவுக்குப் பின் அவ்வாவணங்கள் ஒரு நீதிமன்றின் ஆய்வுக்கு உட்பட்டன. கையொப்பமிட்ட தாள்கள் ஒன்றாக வைத்து வாசிக்கப்படும்போது எதனை வெளிப்படுத்த வல்லன என்பதற்கு அவ்வாய்வு தக்க சான்றாக அமைகின்றது.

ஆவணங்களின் வகைகள்

பிறெஸ்லியின் கையொப்பம் பொருந்திய ஆவணங்களை ஐந்து வகையாகப் பகுத்து நோக்கலாம். இசைத்தட்டு நிறுவனங்கள், வானொலி நிலையங்கள், திரைப்பட நிறுவனங்கள், முகாமையாளர்கள் ஆகியோருடன் செய்த ஒப்பந்தங்கள் முதல் வகை. காசோலைகள், கணக்குப் பத்திரங்கள் முதலான பணம்சார் ஆவணங்கள் இரண்டாவது வகை. தனிப்பட்ட கடிதங்கள் மூன்றாவது வகை. படைச்சேவைப் பதிவுகள் போன்ற அரச ஆவணங்கள் நான்காவது வகை. நீதிமன்றிற் சேர்க்கப்பட்டவை ஐந்தாவது வகை.

இவ்வைந்தும் ஒரே அளவிற் கிடைப்பனவல்ல. காசோலைகள் ஒப்பீட்டளவில் எளிதிற் கிடைக்கும். பணம் செலுத்தப்பட்ட காசோலைகளை அவற்றை எழுதியவருக்கே திருப்பி அனுப்புதல் அக்கால அமெரிக்க வங்கிகளின் வழக்கமாக இருந்தது. அதனால் அவை கட்டுக்கட்டாகக் குடும்பத்தவரிடமே தங்கின. காசோலையின் படிமத்தைக்கொண்டே வங்கிகள் கொடுக்கல் வாங்கல் செய்ய இடமளிக்கும் சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தபின் இவ்வழக்கம் தேய்ந்து போயிற்று. ஆகவே பிற்காலப் பாடகர்களின் காசோலைகள் இவ்வாறு எஞ்சுதல் அரிது.

தனிப்பட்ட கடிதங்களோ மிகச் சிலவே. பிறெஸ்லி கடிதம் எழுதும் பழக்கம் மிகுந்தவரல்லர். அவருடைய கடிதங்களுள் பெரிதும் அறியப்பட்டது, 1970 டிசம்பர் 21ஆம் நாள் வொஷிங்ரனுக்குப் பறந்துகொண்டிருந்தபோது விமான நிறுவனத்தின் தாளிலே சனாதிபதி நிக்சனுக்கு எழுதியதாகும். போதைப்பொருள் ஒழிப்புக்குத் தாம் உதவ விரும்புவதாகவும், தமக்கு ஓர் அரச முகவர் என்ற தகுதி வேண்டுமெனவும் அதிற் கேட்டிருந்தார். அன்றே வெள்ளை மாளிகையில் இருவரும் சந்தித்தனர். நிக்சன் காலத்து ஆவணங்களை அரசின் பாதுகாப்பிற் கொண்டுவந்த 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக அக்கடிதம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின்பாற்பட்டு விளங்குகிறது. அது விற்பனைக்கு வரமாட்டாது, எவரும் படிக்கலாம்.

அரச ஆவணங்கள் யாவும் அழிவுக்கு அப்பாற்பட்டன என்பது இதன் பொருளன்று. சென் லூயிஸ் நகரிலுள்ள படைச்சேவைப் பதிவுகளின் நிலையத்தில் 1973 யூலை 12ஆம் நாள் மூண்ட தீயினால் ஏறத்தாழ ஒரு கோடி அறுபது இலட்சம் முதல் ஒரு கோடி எண்பது இலட்சம் வரையான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 சனவரி 1ஆம் நாளுக்குமிடையிற் தரைப்படையினின்றும் விலகியோரின் கோப்புகளே அவற்றுட் பெரும்பாலானவை. 1958 மார்ச் 24இற் படையிற் சேர்ந்த பிறெஸ்லி 1960 மார்ச் 5இலேயே முழுநேரச் சேவையினின்றும் விடுவிக்கப்பட்டார். சில வார இடைவெளி அவரது கோப்பினை அவ்வெல்லைக்கு அப்பால் நிறுத்திற்று. ஓர் ஆவணம் எஞ்சியிருப்பதற்கும் அதன் முக்கியத்துவத்திற்கும் எப்போதும் தொடர்பிருப்பதில்லை என்பதை ஆய்வாளர் இதனாற் கண்டுகொள்வர்.

முதல் ஒப்பந்தங்களும் பெற்றோரின் கையொப்பமும்

பிறெஸ்லியின் முதல் இசைத்தட்டுக்கான பாடல் மெம்பிஸ் நகரிற் சாம் பிலிப்ஸ் நடத்திய சன் இசைத்தட்டு நிறுவனத்தில் 1954 யூலை 5ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. ஒரு வாரங்கழித்து, யூலை 12ஆம் நாள், அவருக்குப் பக்கத்துணையாகக் கிற்றார் வாசித்த ஸ்கொற்றி மூர் அவருடைய முகாமையாளராவதற்கான ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஓராண்டுக் காலத்திற்குப் பத்துச் சதவீதம் மூருக்கு உரியதென அது கூறியது. பாடகரும் மூரும் அதில் ஒப்பமிட்டிருப்பதோடு, பாடகரின் பெற்றோரான வேர்னன், கிளாடிஸ் ஆகிய இருவரும் ஒப்பமிட்டுள்ளனர். அப்போது பிறெஸ்லிக்கு வயது 19. ரெனசி மாநிலத்தில் அக்காலத்திற் பராய வயது 21 ஆகும். பராயமடையாதவர் செய்த ஒப்பந்தத்தினைப் பின்னர் அவரே தள்ளிவிட இடமுண்டு என்பதனால், எதிர்த்தரப்பினர் பெற்றோரின் சம்மதத்தையும் வேண்டி நின்றனர்.

இவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் எழுந்த ஒப்பந்தங்கள் பலவற்றிலும் பெற்றோரின் கை தெரிகிறது. லூயிசியானா மாநிலத்துச் சிறீவ்போட் நகரிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பான லூயிசியானா ஹேறைட் என்னும் நிகழ்ச்சிக்கான ஒப்பந்தம் 1954 நவம்பர் 6ஆம் நாள் செய்யப்பட்டது. நிகழ்ச்சியொன்றிற்குப் பாடகருக்குக் கிடைத்தது 18 டொலர். ஈராண்டு நிறைவதற்கு முன்னரே அக்கடப்பாட்டினின்றும் விடுபடுவதற்கு 10,000 டொலர் செலுத்த வேண்டியிருந்தது. இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து நோக்குவோர், 1956ஆம் ஆண்டளவில் அவரது நிலை எத்துணை மாறியதென்பதை எந்தப் புகழுரையின் துணையுமின்றி உணர்வர்.

1955 ஓகஸ்ட் 15ஆம் நாள் எழுந்த ஆவணம் தனிக்கவனத்துக்குரியது. அப்போது முகாமையாளராக இருந்தவர் மெம்பிஸ் வானொலி அறிவிப்பாளர் பொப் நீல். அவருக்கும் பாடகருக்கும் 'விசேட ஆலோசகர்' என்ற பெயரிற் கேணல் தொம் பாக்கர் என்பார் இவ்வாவணத்தின் வழியாகவே நியமனம் பெற்றார். 2,500 டொலர் ஐந்து தவணைகளில் அவருக்குச் செலுத்தப்படல் வேண்டும். ஓராண்டு முடிந்தபின் ஒப்பந்தத்தை நீடிக்கவும் இடமுண்டு. ஆலோசகர் என்பது தாழ்வான ஒரு பதவிப்பெயர் போலத் தோன்றும். ஆயின், அதன்வழிப் பாக்கர் பெற்ற அதிகாரங்களோ விரிவானவை. இத்தாளிலுள்ள ஒப்பத்தின் அழகினை மாத்திரம் நோக்கும் சேகரிப்பாளர் அதற்கு மேலேயுள்ள வாசகங்களைப் படியாது விடுவாராயின், இருபத்திரண்டு ஆண்டுகள் நிலைத்த ஓர் ஆட்சியின் தொடக்கத்தினைக் கையில் வைத்துக்கொண்டும் அறியாதவராவார்.

1955 நவம்பர் 21ஆம் நாள் சன் நிறுவனத்தின் உரிமைகள் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குக் கைமாறின. விலை 35,000 டொலர். சன் நிறுவனம் பாடகருக்குக் கொடுக்க வேண்டியிருந்த உரிமைப்பங்கிற்கு ஈடாக மேலும் 5,000 டொலர் அவருக்குக் கிடைத்தது. சன் நிறுவனத்தில் 3 சதவீதமாகவிருந்த உரிமைப்பங்கு புதிய ஒப்பந்தத்தில் 5 சதவீதமாயிற்று. அப்போதும் பாடகர் பராயமடையாதவரே. 1956 சனவரி 8ஆம் நாள் அவருக்கு 21 வயது நிறைந்தது. அதே ஆண்டு மார்ச் 26இற் பாக்கரைத் தமது தனி முகாமையாளராக ஏற்று, வருவாயிற் காற்பங்கினை அவருக்கு உரித்தாக்கும் ஒப்பந்தத்திற் பிறெஸ்லி பராயமடைந்தவராகத் தாமே ஒப்பமிட்டார். பெற்றோரின் பெயர் ஓர் ஆவணத்தில் இருப்பதும் மற்றொன்றில் இல்லாதிருப்பதும் சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆயினும், திகதியிடப்படாத அல்லது திகதி ஐயத்துக்குரிய ஒப்பந்தமொன்று எக்காலப் பகுதிக்குரியதென உய்த்துணர்வதற்கு இதுவே முதற் கருவியாகும்.

நீதிமன்றில் வாசிக்கப்பட்ட ஒப்பந்தங்கள்

1967 சனவரி 2ஆம் நாளைத் திகதியாகக் கொண்ட உடன்படிக்கையொன்று, குறித்த சில வருவாய்களின் இலாபத்திற் பாதியைப் பாக்கருக்கு வழங்கியது. 1973 மார்ச் 1ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கைகளின்படி, அதுவரை வெளியான இசைத்தட்டுகளின்மீது பாடகருக்கிருந்த எதிர்கால உரிமைப்பங்குகள் அனைத்தும் 54 இலட்சம் டொலருக்கு ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. அத்தொகையிலும் பாதி முகாமையாளருக்குரியதாயிற்று. நான்காண்டுகளின் பின் பாடகர் இறந்தபோது பழைய இசைத்தட்டுகள் பேரளவில் விற்பனையாயின. அவற்றின் உரிமைப்பங்கு அவரது குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

பிறெஸ்லி 1977 மார்ச் 3ஆம் நாள் எழுதிய இறுதி விருப்பாவணத்திற் தமது தந்தையை நிறைவேற்றுநராக நியமித்திருந்தார். அவர் ஓகஸ்ட் 16ஆம் நாள் இறந்தபின் அவ்வாவணம் மெம்பிஸ் நகருக்குரிய ஷெல்பி மாவட்ட விருப்பாவண நீதிமன்றிற் சேர்க்கப்பட்டது. தந்தை வேர்னன் 1979இல் இறந்தார். அடுத்துப் பொறுப்பேற்றோர் பாக்கருக்கு வழக்கம்போலப் பணம் செலுத்துவதற்கு 1980இல் நீதிமன்றின் அனுமதியை நாடினர். நீதிபதி யோசப் எவன்ஸ் உடனே அனுமதி வழங்கவில்லை. பாடகரின் ஒரே மகள் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்தமையால், அவளது நலனைப் பேணும் பொருட்டுச் சட்டத்தரணி பிளான்சாட் ரூவல் என்பாரை வழக்குக்கான பாதுகாவலராக நியமித்தார்.

ரூவல் செய்த பணி அடிப்படையில் ஓர் ஆவண ஆய்வேயாகும். ஒப்பந்தங்களைக் காலவரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றும் பாடகருக்கு எதனைக் கொடுத்தது, முகாமையாளருக்கு எதனைக் கொடுத்தது என்று அவர் ஒப்பிட்டார். பத்து முதற் பதினைந்து சதவீதம் வரை பெறுதலே துறைவழக்கமாயிருக்க, பாக்கர் பெற்ற பாதிப்பங்கு மிகையானதென்றும், 1973ஆம் ஆண்டு விற்பனை பாடகரின் நலனுக்கு மாறானதென்றும் அவர் நீதிமன்றுக்கு அறிக்கை செய்தார். இல்லாத ஓர் ஆவணத்தையும் அவர் கண்டுபிடித்தார் எனலாம். பாடல்களின் ஒலிபரப்பு உரிமைப்பணத்தைத் திரட்டி வழங்கும் அமைப்பிற் பாடலாசிரியர் என்ற வகையிற் பிறெஸ்லி உறுப்பினராக்கப்படவேயில்லை. அதனால் அவரது பெயர் ஆசிரியராகக் குறிக்கப்பட்ட பாடல்களுக்குரிய அப்பங்கு அவருக்குக் கிடைக்காது போயிற்று. கையொப்பமிடப்பட வேண்டியிருந்து இடப்படாத படிவமும் ஒரு சான்றே. முழுத்தொகுதியும் ஓரிடத்தில் இருந்தாலன்றி இத்தகைய இன்மையை எவரும் உணர்தல் இயலாது.

1981இல் நீதிமன்று பாக்கருக்கான கொடுப்பனவுகளை நிறுத்துமாறும் அவர்மீது வழக்குத் தொடுக்குமாறும் பணித்தது. 1983இல் நீதிமன்றுக்கு வெளியே இணக்கம் காணப்பட்டு, ஆதனத்துடன் அவருக்கிருந்த தொடர்பு முடிவுற்றது. ஒரு சிறுமியின் உரிமை பழைய தாள்களை ஒழுங்காக வாசித்தமையாற் காக்கப்பட்டது என்பது நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் செய்தியாகும்.

ஒப்பமிட்டவர் யார்?

ஓர் ஆவணத்திற் காணப்படும் பெயரும் அதனை எழுதிய கையும் ஒருவருக்கே உரியன என முற்கோள் கொள்ளலாகாது. பிறெஸ்லிக்கு இரசிகர்கள் அனுப்பிய படங்களுட் பலவற்றில் அவருடைய செயலாளர்களே அவரது பெயரை எழுதினர் என்பது துறையினர் நன்கறிந்த செய்தி. பணவிடயங்களை அவரது தந்தையே பெரிதும் கவனித்தமையாற் காசோலைகளுட் பலவற்றில் தந்தையின் ஒப்பம் காணப்படும். இவை போலிகளல்ல. செயலாளர் எழுதிய படம் அலுவலகமொன்று எவ்வாறு இயங்கிற்று என்பதைக் காட்டும். தந்தை ஒப்பமிட்ட காசோலை குடும்பத்திற் பொறுப்பு எவரிடம் இருந்தது என்பதைக் காட்டும். அவற்றைப் பாடகரின் கையொப்பமென விற்பதே பிழையாகும்.

பெயரின் எழுத்துக்கூட்டலைக்கொண்டு மாத்திரம் போலியென முடிவு செய்தலும் தவறு. பிறெஸ்லியின் நடுப்பெயர் ஆங்கிலத்தில் ஒற்றை முதலெழுத்தோடு எழுதப்பட்ட ஆவணங்களும் உள; அவ்வெழுத்தை இரட்டித்து எழுதியனவும் உள. கல்லறையிற் பொறிக்கப்பட்டிருப்பது இரட்டித்த வடிவமே. குடும்பத்தினரிடையேயும் இரு வடிவங்களும் வழங்கியமையால், எவ்வடிவம் எவ்வாண்டு ஆவணத்தில் வருகின்றதென்று அட்டவணைப்படுத்துதலே தக்க முறையாகும்.

பாக்கரின் கையொப்பம் மேலும் சிக்கலானது. 'கேணல்' என்னும் பட்டம் படைச்சேவையாற் கிடைத்ததன்று; லூயிசியானா மாநில ஆளுநராகவிருந்தவரும் தாமே ஒரு பாடகருமான ஜிமி டேவிஸ் 1948இல் அளித்த மதிப்புப் பட்டமாகும். அவரது பெயரும் பிறப்பிற் பெற்ற பெயரன்று. அவர் 1909இல் நெதர்லாந்திலுள்ள பிறெடா நகரிற் பிறந்த அந்திரேயாஸ் கோர்னெலிஸ் வான் கொய்க் என்பவர். அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே அந்நாட்டில் வாழ்ந்த அவர், தம்மீது தொடுக்கப்பட்ட வழக்கினைத் தடுக்கும் பொருட்டு 1982இல் அந்நிலையையே நீதிமன்றில் எடுத்துரைத்தார். எனவே பாக்கர் என்று அவர் ஒப்பமிட்ட தாள் ஒவ்வொன்றும் அவரது கையினாலேயே எழுதப்பட்டது என்ற அளவில் உண்மையானது. அப்பெயர் சுட்டும் மனிதர் யார் என்ற வினாவுக்கோ அத்தாள் விடை தராது. கையெழுத்து ஆய்வு எங்கு முடிகிறதோ அங்கு வரலாற்றாய்வு தொடங்குகிறது.

தாளும் எழுத்தும் தரும் சான்று

ஆவணமொன்றின் காலத்தைத் தெளிவதற்குக் கையொப்பத்தை நோக்குமுன் தாளையும் அச்சையும் நோக்குதல் பயன் தரும். போலி செய்வோர் கையெழுத்தைப் பழகுவதிற் செலுத்தும் கவனத்தை ஏனையவற்றிற் செலுத்துவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ஐந்து இலக்க அஞ்சற்குறியீடு 1963 யூலை 1ஆம் நாள் அறிமுகமானது. ஆதலால் 1956ஆம் ஆண்டைத் திகதியாகக் கொண்ட கடிதத்தலைப்பில் அக்குறியீடு அச்சிடப்பட்டிருப்பின் அதனை மேலும் ஆராய வேண்டியதில்லை. சுழலும் பந்து வடிவ எழுத்துத் தலையையுடைய ஐ.பி.எம். செலெக்ரிக் தட்டெழுத்துப்பொறி 1961 யூலையில் வெளியாயிற்று. அப்பொறியின் எழுத்து 1955ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்க நியாயமில்லை. ஆர்.சி.ஏ. நிறுவனம் தனது வணிகச் சின்னத்தை 1968இல் மாற்றியது. சாதாரண தாளிற் பிரதி எடுக்கும் செரொக்ஸ் பொறி 1959இலேயே அறிமுகமாயிற்று.

எழுதுகருவிகளும் காலம் காட்டும். குமிழ்முனைப் பேனா அமெரிக்கக் கடைகளில் 1945 அளவில் விற்பனைக்கு வந்தமையால், பிறெஸ்லியின் தொழில்வாழ்வு முழுவதிலும் அதன் பயன்பாடு இயல்பானதே. நுண்ணிய நார்முனைப் பேனாக்கள் பரவியதோ 1960களிலாகும். ஷார்ப்பி என்னும் பெயருடைய பேனா 1964இல் வெளிவந்தது. 1955ஆம் ஆண்டு ஆவணத்தில் நார்முனைப் பேனாவால் இடப்பட்ட ஒப்பம் ஐயத்தைக் கிளப்ப வேண்டும்.

மடிப்புகளையும் நோக்குதல் வேண்டும். மடிக்கப்பட்ட இடத்திற் தாளின் நார்கள் முறிந்திருக்கும். மடித்தபின் நீர்மையான மையினால் ஒப்பமிட்டால் அவ்விடத்தில் மை கசிந்து பரவும். ஒப்பமிட்டபின் மடிக்கப்பட்டதாயின் அவ்வாறு பரவாது. பல பக்கங்களையுடைய ஒப்பந்தங்களிற் பக்க ஓரங்களில் இடப்பட்ட முதலெழுத்துகள், ஊசித்துளைகளின் பொருத்தம், பக்கத்துக்குப் பக்கம் தட்டெழுத்தின் ஒற்றுமை ஆகியன ஒரு பக்கம் பின்னர் மாற்றப்பட்டதா என்பதைக் காட்டும். புறஊதாக் கதிரின் ஒளியில் அழித்தெழுதிய இடங்கள் பல வேளைகளில் வெளிப்படும். கரித்தாட் பிரதி என்பதற்காக ஒன்றை ஒதுக்கிவிடவுங்கூடாது. தரப்பினர் தனித்தனியே ஒப்பமிட்ட கரித்தாட் பிரதி, மூலத்துக்கு நிகரான தகுதியுடையது.

விற்பவர் வழங்கும் உறுதிச்சான்றிதழ் இவ்வாராய்ச்சிக்கு ஈடாகாது. விளையாட்டு வீரர், கலைஞர் ஆகியோரின் கையொப்பங்களைப் போலியாகச் செய்தோரைப் பற்றி அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பிரிவு 1990களின் பிற்பகுதியில் 'புல்பென்' என்னும் பெயரில் மேற்கொண்ட விசாரணை, போலிகளோடு சான்றிதழ்களும் உடன் உற்பத்தியாயின என்பதை வெளிப்படுத்தியது.

சந்தையும் சிதறலும்

ஆவணங்கள் சந்தைக்கு வரும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. ஏலத்தில் ஒவ்வொரு தாளும் தனிப்பொருளாக எண்ணிடப்பட்டு விற்கப்படும். ஒரே கோப்பில் இருந்த ஒப்பந்தமும், அதற்கு முன்னெழுந்த கடிதமும், பின்னெழுந்த காசோலையும் மூன்று நாடுகளுக்குப் போய்விடக் கூடும். விலையினை நிர்ணயிப்பது கையொப்பத்தின் தெளிவும் பெயரின் புகழுமாதலால், பாடகர் ஒப்பமிடாத, ஆனால் வரலாற்றுக்கு இன்றியமையாத இணைப்புத் தாள்கள் விலையற்றனவாகக் கருதப்பட்டு மறைந்துபோகின்றன.

பிறெஸ்லியின் இல்லமாகிய கிறேஸ்லாண்ட் 1982 யூன் 7ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குடும்பத்தின் தாள்கள் அதனோடிணைந்த காப்பகத்திற் பேணப்பட்டு வந்தன. பாக்கர் தம்மிடம் சேர்த்து வைத்திருந்த பெருந்தொகுதியும் அவர் உயிரோடிருந்தபோதே ஆதனத்தைச் சார்ந்த நிறுவனத்தால் வாங்கப்பட்டு அங்கு சேர்ந்தது. இருதரப்பாரின் தாள்களும் ஓரிடத்திற் சேர்ந்தமை ஆய்வுலகிற்கு அரிய வாய்ப்பாயிற்று. பீற்றர் குரால்னிக், ஏர்ன்ஸ்ற் யோர்கென்சன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட நாள்வாரியான வாழ்க்கைப் பதிவு நூல் இக்காப்பகத்தின் துணையோடு எழுந்ததாகும். அதே ஆண்டு ஒக்ரோபரில் அக்காப்பகத்தைச் சேர்ந்த பெருந்தொகைப் பொருள்கள், தாள்கள் உட்பட, லாஸ் வேகாஸ் நகரில் ஏலத்தில் விற்கப்பட்டன. வீடற்றோருக்கு இருப்பிடம் அமைக்கும் நற்பணிக்கே அப்பணம் திரட்டப்பட்டது. நோக்கம் நல்லதாயினும், ஒன்றாயிருந்தவை பிரிந்தமை பிரிந்தமையே.

தனித்தாள் எவ்வாறு பிழையாக வாசிக்கப்படலாம் என்பதற்குப் பிறிதொரு எடுத்துக்காட்டும் தருவோம். பிரித்தானிய இசைக்குழுவாகிய பீற்றில்ஸ், பிறையன் எப்ஸ்ரைனைத் தமது முகாமையாளராக ஏற்று 1962 சனவரி 24ஆம் நாள் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டது. நால்வரும் ஒப்பமிட்ட அத்தாளில் எப்ஸ்ரைன் ஒப்பமிடவில்லை. குழுவினர் கட்டுப்பட, அவர் கட்டுப்படாதிருந்தார் என்று அத்தாளை மாத்திரம் காண்போர் கருதலாம். தாம் கூறிய பொறுப்பை நிறைவேற்றமுடியாதவிடத்து அவர்கள் எளிதில் விலகிச் செல்ல வேண்டுமென்பதே தமது கருத்தென அவர் பின்னர் விளக்கினார். அதே ஆண்டு ஒக்ரோபர் 1ஆம் நாளைத் திகதியாகக் கொண்ட இரண்டாம் ஒப்பந்தத்தில் அவரது ஒப்பமும், பராயமடையாத இருவரின் தந்தையரது ஒப்பமும் உள்ளன. இரண்டையும் சேர்த்து நோக்கினாலே உறவின் வளர்ச்சி புலப்படும். அவ்விரு ஆவணங்களும் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறாக ஏலம் போயின.

திரட்டுவோர் கைக்கொள்ளத்தக்க முறைகள்

மேற்கூறியவற்றினின்றும் சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவதாக, ஆவணம் எவரிடமிருந்து எவருக்கு எவ்வாண்டிற் கைமாறிற்று என்ற வரலாறு தாளோடு கூடவே எழுதி வைக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, ஒரு கோப்பிலிருந்து வந்தவற்றை அவற்றின் மூல ஒழுங்கிலேயே வைத்தல் வேண்டும். அழகிய ஒப்பமுடையதைப் பிரித்துச் சட்டமிடுதல் தகாது. சுவரில் மாட்டிய தாளின் மை ஒளிபட்டு மங்குதலும் கண்கூடு. மூன்றாவதாக, தாளின் முன்பக்கம், பின்பக்கம், இணைப்புகள் ஆகிய யாவற்றையும் படியெடுத்து, ஆய்வாளர் அணுகக்கூடிய நூலகமொன்றிற் சேர்த்தல் வேண்டும். மூலம் விற்கப்பட்டாலும் அதன் வாசகம் எஞ்சும். நான்காவதாக, ஒப்பமிட்டவரின் தகுதியினை விவரப்பட்டியலிற் குறித்தல் வேண்டும். பாடகர், பெற்றோர், செயலாளர், சாட்சி என்ற வேறுபாடு தெளிவாயிருத்தல் அவசியம்.

ஐந்தாவதாக, தாளை வாங்கியவர் அதன் வாசகத்தை அச்சிடும் உரிமையையும் வாங்கியவராகார். பொருளின் உடைமையும் பதிப்புரிமையும் வெவ்வேறென அமெரிக்கச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்ற விதியின்படி, பிறெஸ்லி எழுதி அச்சேறாத கடிதங்களுக்கான உரிமை 2047ஆம் ஆண்டு முடியும் வரை அவரது உரித்தாளரைச் சாரும்.

முடிவுரை

ஒரு பாடகரின் கையொப்பம் அவரது புகழின் அடையாளமாகவே பெரும்பாலோரால் மதிக்கப்படுகின்றது. பிறெஸ்லியின் ஒப்பந்தங்களை வரிசையாக நோக்குமிடத்து, அதே கையொப்பம் அவர் தமது உழைப்பின் பயனைச் சிறிது சிறிதாகப் பிறருக்கு எழுதிக்கொடுத்த பதிவாகவும் அமைதல் காணலாம். 1954இற் பத்துச் சதவீதம், 1956இற் காற்பங்கு, 1967இற் பாதி, 1973இல் எஞ்சியிருந்த உரிமையும் விலைக்கு என்ற இவ்வரிசையை எந்த ஒரு தாளும் தனித்து நின்று உணர்த்தாது. அவ்வரிசை குலையாதிருந்தமையாலேயே அதனைப் படித்து ஒரு நீதிபதி வினா எழுப்ப முடிந்தது.

ஆகவே, பாடகர்களின் ஆவணங்களைத் திரட்டுவோர் தாம் ஒரு பெயரைச் சேகரிக்கின்றனரா, ஒரு வரலாற்றினைக் காக்கின்றனரா என்பதை முன்னரே தெளிந்துகொள்ளல் வேண்டும். பெயரைச் சேகரிப்போருக்கு ஒரு தாள் போதும். வரலாற்றைக் காப்போர் அத்தாளின் அருகிலிருந்த தாளையும் தேடுவர். விலையற்றதென ஒதுக்கப்பட்டதையும் எடுத்து வைப்பர். ஒப்பமிடப்படாத இடத்தையும் குறித்துக்கொள்வர். இத்தகைய திரட்டுகளே நாளை எழவிருக்கும் இசை வரலாற்று ஆய்வுகளுக்கு அடித்தளமாக அமையும்.